வியாசர்பாடியில் ஏப்ரல் 14

ஏப்ரல் 12, 2025, சனி இரவு

காத்திருப்போர் பட்டியலில் 14ஆவது ஆளாக இருந்தேன். சார்ட் போட்டபோது 3ஆவது ஆள். 3ஆவது ஆளுக்கும் ரயிலில் இடம் கிடையாது என்பதைக் கோவில்பட்டி ஸ்டேஷன் வாசலில் நின்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் லீவு. சென்னைக்காரர்கள்தான் ஊர்ப்பக்கம் வருவார்கள், இங்கிருந்து அங்கே போகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று போட்ட கணக்கு தப்பிவிட்டது.

கடைசியில் ஆம்னி பஸ். 1,600 ரூபாய். சாதாரண நாளில் இதில் பாதிதான் கேட்பார்கள். ஒன்பது மணி வண்டி பைபாஸுக்குப் பத்தே முக்காலுக்கு வந்தது. என் படுக்கைக்கு நேர் மேலே ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவரோடு இருந்த பையனிடம் சொன்னேன். பழைய பேப்பரைச் சுருட்டி மேலே சொருகிவிட்டு, "இனி சொட்டாது சார்" என்றான். இதை எழுதும்போதும் சொட்டுகிறது. பேப்பர் நனைந்ததில் சொட்டு கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

போவது தம்பி வீட்டுக்கு. சித்தப்பா மகன். பெரம்பூர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறான், பெண் எடுத்த ஊரான வியாசர்பாடியிலேயே குடியிருக்கிறான். எட்டு வருஷமாக ஒவ்வொரு ஏப்ரலும் கூப்பிடுகிறான். "நம்ம ஊர்ல என்னண்ணே, கூண்டத் தொறந்து மாலையப் போட்டு மறுபடியும் பூட்டிருவாக. அம்பேத்கர் பொறந்தநாளுன்னா என்னன்னு இங்க வந்து ஒரு தடவ பாருங்க."

கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் முக்கில் அம்பேத்கருக்கு ஐந்தடி சிமெண்டு சிலை ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளில் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் நடந்தபோதெல்லாம் முதல் அடி வாங்கியவை சிலைகள்தான். நீட்டிய கையை உடைப்பார்கள், இல்லையென்றால் தலையை. அதற்கப்புறம் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு வந்தது. மேலேயும் மூடி, பூட்டுப் போட்டாயிற்று. எங்கள் ஊரில் மட்டுமில்லை, தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் பார்க்கலாம். தலைவர்களிலேயே கூண்டுக்குள் அதிகம் நிற்பவர் அனேகமாக இவர்தான். அவர் பிறந்த ஏப்ரல் 14, மறைந்த டிசம்பர் 6, வருஷத்தில் இரண்டு நாள் திறப்பார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்குக் காலையில்தான் தேடுவார்கள். ஒரு வருஷம் கிடைக்கவேயில்லை, கம்பி வழியாக மாலையைச் சொருகிவிட்டு வந்தோம். எங்கள் வீட்டில் இருக்கிற எல்லா போட்டோவிலும் அவர் முகம் சின்னச் சின்னக் கட்டமாகத்தான் இருக்கும்.

எனக்கு 44 வயது. அந்தச் சிலையை நான் தொட்டதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டபோது மணி ஒன்பதரை. அங்கிருந்து நகரத்துக்குள் போவதே இன்னொரு பயணம். வண்டலூர் போய், 10 ரூபாய் டிக்கெட்டில் மின்சார ரயில் பிடித்து, பார்க்கில் இறங்கி, சென்ட்ரல் புறநகர் நிலையத்துக்கு நடந்து, இன்னொரு ரயிலில் வியாசர்பாடி ஜீவா. 1,600 ரூபாய் கொடுத்து வந்த பஸ்ஸைவிட அந்த 10 ரூபாய் ரயில் வசதியாக இருந்தது. காற்றாவது வந்தது, தண்ணீர் சொட்டவில்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் சின்னப் பிள்ளைகள் கையில் எல்லாம் தென்னங்குருத்து. சிலுவை, கிளி, பாம்பு என்று மடித்து வைத்திருந்தார்கள். மறந்தே போய்விட்டேன், இன்றைக்குக் குருத்தோலை ஞாயிறு. ஒரு பக்கம் சர்ச்சிலிருந்து திரும்புகிறவர்கள், இன்னொரு பக்கம் தெருவுக்குக் குறுக்கே நீலத் தோரணம் கட்டுகிறவர்கள். ஏணியில் நின்றவன் கீழே போன பாட்டியிடம், "ஆயா, அந்தக் கயித்த இப்டி குடு" என்றான். ஆயா குருத்தோலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனது.

தம்பி வீடு ஒரே அறை, அதற்குள் ஒரு சமையல் மூலை, மேலே மொட்டை மாடி. கொண்டுபோன இரண்டு கிலோ கடலைமிட்டாயில் ஒரு கிலோ மாடியேறுவதற்குள்ளேயே தெருப்பிள்ளைகளிடம் போய்விட்டது. தம்பி சம்சாரம் இந்த ஊர்ப் பெண். "மாமா, பீஃப் சாப்புடுவீங்கல்ல? இல்ல ஊர்லேர்ந்து வந்தவரு, நாளிக்கு நல்லநாளுன்னு பாப்பீங்களா?" என்று நேராகக் கேட்டது. சாப்பிடுவேன் என்றதும் அதன் முகத்தில் ஒரு நிம்மதி. மத்தியானம் பக்கத்துக் கடையிலிருந்து பொட்டலத்தில் பிரியாணி வந்தது, 130 ரூபாய். சீரக சம்பா இல்லை, நீள அரிசி. கறி எலும்பிலிருந்து தானாகவே விட்டது. கூடவே கொடுத்த கத்திரிக்காய்க் கூட்டை மட்டும் நான் ஒதுக்கிவைத்தேன். அதை ஒதுக்குகிற ஆளை இந்தத் தெரு இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

சாயங்காலம் போஸ்டர் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு சுவரில் 134ஆவது பிறந்தநாள், எதிர்ச் சுவரில் 135. பிறந்தது 1891. முடிந்த வயதை எண்ணினால் 134, பிறந்த நாளையே முதல் பிறந்தநாளாக எண்ணினால் 135. ஒரே தெருவில் இரண்டு கட்சி. தம்பி மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். "134தான் பெரியப்பா. ஸ்கூல்ல சமத்துவ நாள் உறுதிமொழி எடுத்தப்ப மிஸ் சொன்னாங்க" என்றாள். 2022இல் அரசு இந்த நாளைச் சமத்துவ நாளாக அறிவித்ததிலிருந்து பள்ளிக்கூடங்களிலும் ஆபீஸ்களிலும் அந்த உறுதிமொழி உண்டு. அவள் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நடுவில் ஒரு வரி விட்டுப்போனது அவளுக்கே தெரிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

தெரு முனைச் சிலையைத் தேடிப் பார்த்தேன். சுற்றிச் சாரம் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். "நைட்டு பன்னெண்டுக்குத்தான் தொறப்போம்ணா, அப்ப பாத்துக்கோ" என்றான் பெயிண்ட் வாளியோடு இருந்த பையன். என்னைப் பெரிய மனுஷனாக நினைத்து 'அண்ணா' என்றானா, ஒருமையில் பேசுகிறானா என்று யோசித்தேன். இந்த ஊரில் இரண்டும் ஒன்றாகவே வரும் என்று அப்புறம் புரிந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நிற்க இடமில்லை. தூக்கக் கலக்கத்தில் இருந்த குழந்தைகளைக்கூட நீலச் சட்டை போட்டுத் தூக்கி வந்திருந்தார்கள். தார்ப்பாயை இழுத்ததும் பட்டாசு, டிரம்ஸ், விசில், யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காத சத்தம். நான் முதலில் பார்த்தது சிலையை இல்லை, சிலையைச் சுற்றி இருந்த வெறும் இடத்தை. கம்பி இல்லை. கூண்டு இல்லை. மூன்றடிச் சுவர், அதன் மேல் பீடம், பீடத்தின் மேல் அவர்.

அப்புறம் கேக். ஐந்து கிலோ, நீல க்ரீம், நடுவில் அம்பேத்கர் படம் அச்சடித்தது. வெட்ட வந்த அக்கா துப்புரவுப் பணியாளர், தெருவில் எல்லாருக்கும் மூத்தவர். கத்தியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "மூஞ்சில எப்டி கத்தி வெக்கறது?" ஒருத்தன் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றான், இன்னொருத்தன் கூடாது என்றான். கடைசியில் அந்த அக்கா படத்தைச் சுற்றி வட்டமாக அறுத்து, முகத்தை முழுசாக எடுத்துத் தட்டில் வைத்து, பீடத்தின் மேல் வைத்தார். மிச்சம் ஓரத்தைத்தான் நாங்கள் தின்றோம். வாயெல்லாம் நீலம். பாப்பா நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

மொட்டை மாடியில் படுத்தேன். ஐந்தரை மணிக்கே ஸ்பீக்கர் ஆரம்பித்துவிட்டது.

இந்த வீட்டின் தினசரிக் காலண்டர் தாளில் இன்றைக்கு இரண்டு பெயர், இரண்டும் சிவப்பில். தமிழ்ப் புத்தாண்டு, விசுவாவசு வருஷப் பிறப்பு. அதற்குக் கீழே டாக்டர் அம்பேத்கர் பிறந்தநாள். தம்பி சம்சாரம் இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் வேப்பம்பூ போட்டு மாங்காய்ப் பச்சடி, வடை. மத்தியானத்துக்கு அரை அண்டா பிரியாணிக்குக் கறி ஏற்கெனவே தயிரில் ஊறிக்கொண்டிருந்தது. "பஞ்சாங்கத்துக்குப் பச்சடி, பாபாசாகேபுக்கு பிரியாணி" என்று சொல்லிக்கொண்டே எனக்கு இலையில் பச்சடி வைத்தது. வெல்லம் தூக்கல். கசப்பே தெரியவில்லை என்றேன். "கசப்புதான் வருஷம் பூரா கீதே மாமா" என்றது.

ஏழரைக்குச் சிலைக்குப் போனோம். பீடத்தில் வைத்த கேக் முகத்தை எறும்பு பாதிக்கு மேல் தின்றிருந்தது. கண்ணாடி மட்டும் மிச்சம். அந்த அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தட்டோடு எடுத்து ஓரமாக வைத்தார்.

மாலை போடச் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டியிருந்தார்கள். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏற வேண்டும். தம்பி என் கையில் ஒரு சம்பங்கி மாலையைத் திணித்து, "ஏறுங்கண்ணே" என்றான். முன்னே பின்னே தெரியாத ஒருத்தர் மேலேயிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். மேலே போய் மாலையைப் போட்டுவிட்டேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லாரும் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள், சிலர் செல்ஃபி. நான் அவர் கையைத் தொட்டேன். காலை எட்டு மணிக்கே சிமெண்டு சூடாக இருந்தது. புதுப் பெயிண்ட் கொஞ்சம் விரலில் ஒட்டியது. கோட்டுப் பையில் பேனா மூடி தங்க நிறம். நீட்டிய ஆள்காட்டி விரலில், இரண்டாவது கணுவில், எம்சீல் வைத்து ஒட்டிய தடம் வளையம் போல இருந்தது.

எனக்கு வயிற்றில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற பையனிடம் மெதுவாகத்தான் கேட்டேன். "தம்பி, இது யாரு உடைச்சது?"

"அதுவா? தோ, அவன்தான்ணா" என்று கீழே டிரம்ஸ் பக்கத்தில் நின்ற ஒல்லியான ஒருத்தனைக் காட்டினான். "போன வருஷம் சிக்ஸர் அடிச்சான். நேரா வெரல்ல. ஏரியாவே அவன வுட்டு வெளுத்துட்ச்சு. எம்சீல் காசு அவன்தான் குட்தான்."

எனக்குச் சிரிப்பு வந்து, அடக்க முடியாமல், சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர்கள் "எறங்குண்ணா, எறங்குண்ணா" என்று கத்தினார்கள்.

இறங்கினால் செருப்பு இல்லை.

அரை மணி நேரம் தேடினோம். நூறு செருப்பு கிடந்தது, என்னுடையது இல்லை. எடுத்தவர் தெரியாமல் மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தால் அவருடையது மிஞ்ச வேண்டும், அதுவும் இல்லை. அம்பேத்கர் மணிமண்டபத்துக்குப் போகிற குட்டி யானை வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு ஏறினேன். ராஜா அண்ணாமலைபுரம் வரைக்கும் பெரியவர் ஒருத்தர் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னி மில்லில் வேலை பார்த்து, மில் மூடியதும் வாட்ச்மேன் வேலைக்குப் போனவர். "இன்னா பா இது, அவுரு ஷூ போட்னு நிக்கறாரு, நீ செருப்பு இல்லாம போய் நிக்கப்போறியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். என் தாத்தா ஊருக்குள் மற்றவர்கள் தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பாராம். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரியவரிடம் அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வண்டியின் தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொன்னார். பிளாட்பாரத்தில் விரித்திருந்த கடையில் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு, நீல வார். 120 ரூபாய். நான் காசு எடுப்பதற்குள் அவர் கொடுத்துவிட்டார். திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. "சித்திரைக்குத் துணி எடுத்துக் குட்தா மாரி வெச்சுக்கோ."

மணிமண்டபத்துக்கு முன்னால் அரை கிலோமீட்டரிலேயே வண்டி நின்றது. தடுப்புக் கட்டை, போலீஸ், ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு அமைப்புக்கும் முறை. கத்திரி தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஆனால் வெயிலுக்கு அந்தத் தேதியெல்லாம் தெரியாது போல. ஒரு பக்கம் பறை, இன்னொரு பக்கம் கேரளத்திலிருந்து வந்த செண்டை, நடுவில் ஒரு கட்சிக்காரரின் ஸ்பீக்கர். காதில் விழுந்த ஒரே தெளிவான சொல் ஜெய் பீம். தெரியாதவர்களும் என்னைப் பார்த்து ஜெய் பீம் என்கிறார்கள், பதிலுக்குச் சொல்லாவிட்டால் நின்று மறுபடி சொல்கிறார்கள். முதல் பத்து தடவை கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

வரிசையில் நின்றது ஒன்றே முக்கால் மணி நேரம். சிலைக்கு முன்னால் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. தலைவர்கள் யாராவது வந்தால் வரிசை நின்றுவிடும், அவர்கள் கும்பல் உள்ளே போய், போட்டோ எடுத்து, வெளியே வரும் வரைக்கும் கைக்குழந்தைக்காரிகளும் வெயிலில்தான். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே நான் பார்த்தது பெரும்பாலும் உயர்த்திப் பிடித்த போன்களைத்தான்.

வெளியே இருந்த கூட்டம்தான் விழா. ரோட்டோரம் மோர்ப் பந்தல், ஒரு பெண்கள் சுயஉதவிக் குழு வைத்தது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர், இலவசம். நான் மூன்று டம்ளர் குடித்தேன். எனக்கு முன்னால் நின்ற கான்ஸ்டபிள் நான்கு. "காலைல நாலு மணிக்கு வந்தம்மா, இன்னொண்ணு ஊத்து" என்று தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். தர்பூசணித் துண்டு 20 ரூபாய், நுங்கு மூன்று 50. நீலத் துண்டு, சாவிக்கொத்து, புத்தர், பெரியார், அம்பேத்கர் மூவரும் இருக்கிற கண்ணாடிச் சட்டம். சட்டத்துக்கு 250 என்றார், 180க்குப் பேசி வாங்கினேன். வாங்கியபிறகு பேரம் பேசியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

கூட்டம் கூட்டமாக நின்றது புத்தகக் கடைகளில்தான். தடித் தடித் தொகுதிகளாக அடுக்கிவைத்திருந்தார்கள். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, ஏற்பாடு செய்தவர்கள் பயந்து கூட்டத்தையே ரத்து செய்துவிட, அம்பேத்கர் தன் சொந்தச் செலவில் அச்சிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' உரை 60 ரூபாய்க்குக் கிடைத்தது. கல்லூரிப் பையன் ஒருத்தன் நான்கு பிரதி எடுத்தான். எதற்கு நான்கு என்றேன். "ஹாஸ்டல்ல குடுத்தா திரும்ப வராது சார். அதான் ஸ்டாக்கு."

பெரியவர் பந்தல் நிழலில் உட்கார்ந்து மோரோடு பேச ஆரம்பித்தார். சென்னைக்காரர்கள் அம்பேத்கரைத் தூரத்து ஆளாக நினைக்கவில்லை என்பது அவர் பேச்சில்தான் எனக்குப் புரிந்தது. லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவர் நம்ம ரெட்டமலை சீனிவாசன் தாத்தா. 1944 செப்டம்பரில் அம்பேத்கர் சென்னைக்கு வந்தபோது இங்கே நடந்த பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம்ம மீனாம்பாள் சிவராஜ். அவர் வீட்டுக்காரர் சிவராஜ் அதற்கடுத்த வருஷம் சென்னை மேயர். ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஒரு 'நம்ம'. "அந்தம்மா ரங்கூன்ல பொறந்தவங்க, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு வீடு வந்து பிரியாணி தின்று, ஆறு மணி வரைக்கும் பிணம் மாதிரித் தூங்கினேன்.

ராத்திரி தம்பியின் ஆட்டோவில் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டோம். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், 80 ரூபாய். வாழைத்தண்டு சூப் கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கடைக்காரரிடம் மீனாம்பாள் ரங்கூனில் பிறந்ததைச் சொன்னேன், பெரியவரிடம் கேட்டதை என் சொந்தச் சரக்கு மாதிரி. 1904 என்று போனில் வருஷம் வேறு பார்த்து வைத்திருந்தேன். அவர் பிசைவதை நிறுத்தவில்லை. "எங்க பாட்டியும் ரங்கூன்தான் சார். பூண்டு இன்னும் கொஞ்சம் போடவா?"

ஏப்ரல் 15, செவ்வாய்

கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. புது ரப்பர் செருப்பு பெருவிரல் இடுக்கில் கடித்துவிட்டது.

காசிமேட்டில் மீன் வாங்கித் தருகிறேன் என்று தம்பி ஆறு மணிக்கே எழுப்பினான். போனால் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. இன்றைக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள். சென்னையில் இருபது வருஷமாக இருக்கிறவனுக்கு அது நினைவில்லை, எனக்கா இருக்கும்? சின்ன ஃபைபர் படகில் வந்த மீன் கொஞ்சம் இருந்தது. வஞ்சிரம் கிலோ 1,200 என்றார் ஒரு அம்மா. நாங்கள் மூச்சைப் பிடித்ததைப் பார்த்து, "நேத்து வந்திருந்தா 900. நேத்து நீங்க ஊர்வலம் போயிருப்பீங்க" என்றார். எப்படித் தெரியும் என்றேன். தம்பியின் சட்டைக் காலரில் இருந்த நீலப் பெயிண்டைக் காட்டினார். நெத்திலி அரைக் கிலோ வாங்கினோம். காசு வாங்கும்போது ஜெய் பீம் என்றார்.

பகலில் வெளியே போகவில்லை. தெருவில் சாரம் பிரித்தார்கள், தோரணம் பாதி அறுந்து மின்கம்பியில் தொங்கியது. அந்த அக்கா தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நேற்று முன்தினம் கேக் வெட்டியவர், இன்றைக்கு நாங்கள் வெடித்த பட்டாசுக் குப்பையை வாருகிறார். நான் போய் இன்னொரு துடைப்பம் கேட்டேன். "போ பா, போய் நெத்திலி துன்னு" என்று விரட்டிவிட்டார். சாயங்காலம் அதே இடத்தில் பையன்கள் ஸ்டம்ப் நட்டார்கள். சிலையைப் பார்த்தபடி பேட் செய்யக் கூடாது என்று இப்போது விதியாம். ஆகவே அவர் பக்கமிருந்து பந்து போடுகிறார்கள், அவருக்கே முதுகு காட்டி அடிக்கிறார்கள். அது எப்படி முடியும் என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஒல்லிப் பையனை மட்டும் கீப்பராக நிற்க வைத்திருந்தார்கள்.

எழும்பூரிலிருந்து ரயிலில் இடம் கிடைத்தது. பாப்பா ஸ்டேஷன் வரைக்கும் வந்து, "அடுத்த வருஷம் 135 பெரியப்பா, கண்டிப்பா வரணும்" என்றாள்.

ஏப்ரல் 16, புதன்

காலையில் ரயிலிலிருந்து இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஊர் முக்கில் இறங்கினேன். இந்த வருஷம் சாவி சீக்கிரம் கிடைத்துவிட்டதாம், காலை பத்து மணிக்குத் திறந்து பத்தே காலுக்குப் பூட்டிவிட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். கூண்டுக்கு மட்டும் புதுசாக வெள்ளிப் பெயிண்ட். உள்ளே ரோஜா மாலை இரண்டு நாள் வெயிலில் கறுத்து, ஒரு பக்கம் சரிந்து, நீட்டிய கையில் தொங்கிக்கொண்டிருந்தது. சரிசெய்யலாமென்று கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைதான் போனது.

"அத எடுக்க முடியாதுப்பா" என்றார் டீக்கடைக்காரர். "டிசம்பர் ஆறுக்குத்தான் இனி சாவி." அப்புறம் என் காலைப் பார்த்தார். "செருப்பு புதுசா? எம்புட்டு?"